மேற்குச் சுவரில் நான் போட்ட வழி

அக்டோபர் 9, வியாழன்

சிங்கவரம் சாலைக் கிடங்கில் இன்று ஏணி போட்டு ஏறி, கூரை விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் நான் வீணாகப் பயந்தேன் என்று அர்த்தம்.

நாயக்கர் காலத்து நெல் கிடங்கு அது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் வளைத்த கூரை. என் முதலாளி நெடுமாறன் சார் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபமாக மாற்றியிருக்கிறார். பிளான் முழுக்க நான் போட்டது. இருபத்தேழாம் தேதி முதல் கல்யாணம்.

சுண்ணாம்பு காய்கிறது, அவ்வளவுதான் என்கிறார் சார்.

அக்டோபர் 13

மூன்றும் முழுசாக இருக்கின்றன. வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. சமண வீட்டில் அதற்குமேல் சோறு கிடையாது. பட்டினி. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 16

காலையில் வாட்ச்மேன் வீராசாமி போன் செய்தார். ஏணியில் ஏறிப் பார்த்தாராம், நடுக்கண்ணாடி உடைந்துவிட்டதாம். பூனை தட்டியிருக்குமோ என்று கேட்டேன்.

"அம்மாம் ஒசரத்துக்குப் பூன எங்கம்மா போவும்?"

போய்ப் பார்த்தேன். முடி மாதிரி ஒரு கோடு. உடைந்தது உடைந்ததுதான்.

அக்டோபர் 18

திறப்பு விழா நோட்டீசுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னார் சார். இத்தாலியில் பேர்போன மாளிகைகள் எழுந்த காலத்துக் கட்டடம் என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். அதற்காக ஃப்ளாரன்ஸ் நகரத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய தூண்கள், மேலே வரிசையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவின் அடியிலும் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி.

எதற்கு இது? தேடிப் படித்தேன். வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அதன் கால்கள் விலகாமல் அந்தக் கம்பி இழுத்துப் பிடிக்கிறது. காலேஜில் படித்ததுதான். பரீட்சைக்குப் படித்தது.

நம் கிடங்கில் கம்பி இல்லையே. அப்படியானால் இத்தனை நூறு வருஷமாக எது பிடித்துக்கொண்டிருந்தது?

மேற்குப் பக்கத்து ஆறடி தடிமன் உள்ள சுவர்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி விட, அந்தச் சுவரில்தான் பன்னிரண்டடி அகலத்துக்கு இடிக்கச் சொல்லிக் கோடு போட்டேன். நான்தான். வேறு யாருமில்லை.

அக்டோபர் 19

சாரிடம் சொல்லிவிட்டேன். பிளானை விரித்து அந்தச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானூறு வருஷமா நின்னது ஒரு நாள் நிக்காதா? கல்யாணம் முடியட்டும், மறுநாளே முட்டு குடுத்துடலாம்."

கெட்ட மனுஷர் இல்லை. என் நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் கூடவே இருந்தவர். அதனால்தான் வாய் வரவில்லை எனக்கு.

அக்டோபர் 21

மழை. இன்னொரு கண்ணாடியும் போயிற்று.

அக்டோபர் 22

பெண் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பெண் ரஞ்சனி உள்ளே இருந்தாள். அவள் அம்மா சாமுண்டீஸ்வரி முறத்தை இறக்கி வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அந்தச் செவுத்த ஒடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"இத வந்து சொல்றியே, உன் வேல இன்னா ஆவும்?"

போய்விடும் என்றேன். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, நானூறு பேர் வருகிறார்கள் என்று முனகினார். பிறகு எழுந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

வீட்டை ஒட்டிய கழனியில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பளிச்சென்று வெயில். கிடங்கு அப்படியே நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் என்னைக் காட்டிச் சிரித்தார்கள்.

சார் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "நாளைலேர்ந்து வர வேணாம் அனந்தி." அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், விழுந்து தொலைக்கட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். நான் சொன்னது சரி என்று எல்லாருக்கும் தெரியட்டுமே என்று. எழுதவே கை கூசுகிறது.

அக்டோபர் 30

மதியம் இரண்டேகாலுக்கு விழுந்துவிட்டது. உள்ளே யாருமில்லையாம்.

அக்டோபர் 31

யாருமில்லை என்றுதான் நேற்றுச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் பின்பக்கம் வீராசாமியின் சைக்கிளைப் பார்த்தார்கள். மழையில் அவர் காவல் கொட்டகை ஒழுகியதால், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். ராத்திரிதான் உடலை எடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு வரவிருந்த நானூறு பேரை நினைத்தேன். தினமும் அங்கேயே இருந்தவரை நினைக்கவில்லை. கண்ணாடி உடைந்ததை எனக்குச் சொன்னவரே அவர்தான், அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். உடைந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா? சொல்லலியே. ஒரு வார்த்தை சொல்லலியே.

நவம்பர் 4, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனில் பிளானைப் பிரித்து வைத்து, மேற்குச் சுவரில் இந்த வழியைப் போட்டது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். எழுதிக்கொண்டார்கள். வீராசாமியின் மகள் கவிதா வாசலோரம் நின்றிருந்தாள். கையில் அப்பாவின் சைக்கிள் சாவி.

வெளியே பெஞ்சில் நெடுமாறன் சார். நான்கு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன்.