லைனிங் துணி

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

புற்றுநோய்க்காக நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு அம்மா மெல்லத் தேறி வருகிறாள். மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏற முடிகிறது. "உங்கப்பா எப்ப வராரு?" என்று தினமும் கேட்கிறாள்.

நேற்று, நீங்கள் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோன தையல் மெஷின் இருந்த மூலையைத் துடைத்தேன். சுவர் பிசுபிசுவென்றிருந்தது. ஈரத்துணி பட்டதும் பழுப்பாக ஒழுகியது. பொத்தான் டப்பாவில்கூடச் சிகரெட் சாம்பல். இத்தனை வருஷமும் அம்மா இதைத்தானே சுவாசித்திருக்கிறாள்!

சித்தப்பா வீட்டிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். விடாமல் வர வேண்டாம்.

உங்கள் மகள்

மார்ச் 12

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது,

உன் கடிதம் தாளிக்காமலே நெடி அடிக்கிறது. உன் தாத்தா எண்பது வயசு வரை ஊதினார், ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா தொட்டதே இல்லை, அவளுக்கு வந்தது. சிகரெட்டை மட்டும் திட்டினால் எப்படி?

போகட்டும். உன் கடிதம் வந்த அன்றே விட்டுவிட்டேன். அம்மாவுக்குக் குளிர் தாங்காது என்று ஒரு கோட் தைக்கிறேன். அளவு எனக்கு மனப்பாடம்.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

தாத்தா தப்பித்ததைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒருத்தர் தப்பிச்சா எல்லாரும் தப்பிச்சதா ஆயிடுமா? உங்கம்மாவுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சிகரெட் குடிக்கிறவருக்கு ஆபத்து பல மடங்கு. கூட இருந்து அந்தப் புகையை இழுக்கிறவங்களுக்கும் கூடுது. எப்ப விட்டாலும் நல்லதுதான்" என்றார்.

நீங்கள் விட்டதைச் சொன்னதும் அம்மா உங்கள் தலையணைக்குப் புது உறை போட்டாள்.

உங்கள் மகள்

மார்ச் 30

அப்பா,

கோட் வந்தது. பார்சலைப் பிரித்ததும் வீடெல்லாம் சென்ட் வாசனை. அம்மா போட்டுப் பார்த்தாள். "அளவெடுக்காமலே எப்படித் தைச்சிருக்காரு பாரேன்!" என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றாள்.

உடம்புச் சூடு ஏறியதும் சென்ட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சிகரெட் வாடை கிளம்பியது, கழுவாத வாய் போல. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

கோட்டை உள்புறமாகத் திருப்பினேன். இடது பக்க லைனிங்கில் மிளகளவு ஓட்டை, ஓரம் கருகியிருந்தது. அதே நிற நூலில் இழை இழையாக அடைத்திருக்கிறீர்கள். என்ன நேர்த்தி! சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். அருவருப்பு புகையின் மேல்கூட அவ்வளவு இல்லை, அந்தத் தையலின் மேல்தான். "என்னால விட முடியலம்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், நானே வந்து உங்களை டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன்.

அம்மா அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை. "அவரோட சட்டையெல்லாம் இதோட சேத்து அங்கயே அனுப்பிடு" என்றாள்.

பிறகு உங்கள் தலையணையின் புது உறையை உருவித் தன்னுடையதற்குப் போட்டுக்கொண்டாள்.

மகள்