பஸ் ஸ்டாப்பிலிருந்து உன்னை இறக்கிய நாள்

என் ராசா முருகேசா,

உன் அப்பன்தான் எழுதுகிறேன். நம்பவில்லையா? நான் கைநாட்டு வைப்பதைத்தானே நீ பார்த்திருக்கிறாய். இப்போது சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கி நாலு நாள் ஆகிறது. ஆகட்டும், உனக்கு என்ன அவசரம்.

முதலில் சேதி. போன திங்கட்கிழமை உன் மகள் பவித்ரா நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்று, சூளகிரி பஸ் ஏறி, பள்ளிக்கூடம் போய்விட்டாள். தனியாக.

உன் வண்டியில் லாரி மோதியபோது பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் பஸ் ஸ்டாப் வரை போவாள், திரும்பி ஓடி வந்துவிடுவாள். ரோட்டைக் கண்டு பயம் என்று நினைத்தோம். உன் பெண்டாட்டி சரசு கெஞ்சினாள். நான் அதட்டினேன். கயிறுகூட மந்திரித்துக் கட்டினோம்.

அந்த பஸ் ஸ்டாப்பில்தான் உன் கம்பெனி நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு உன் சிரித்த முகம். எனக்கு அது பெருமை. ஈரத்துணியால் துடைப்பேன். காற்றில் அவிழ்ந்தால் நானே கயிற்றை இழுத்துக் கட்டுவேன்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் கவுன்சிலிங் அம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் மூவரோடும் தனித்தனியாகப் பேசினார். “மூணு பேருக்குமே மனசுல அடிபட்டிருக்குங்க ஐயா. பாப்பாவை எப்ப போவேன்னு கேக்காதீங்க. அங்க என்ன இருக்குன்னு கேளுங்க. அவ சொல்றப்ப நடுவுல பேசாதீங்க.”

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்டேன். வெகுநேரம் மாட்டையே தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பா சிரிக்கறாரு தாத்தா. அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். தினமும் அவரு என்னைப் பாத்துச் சிரிச்சா நான் என்ன பண்றது?”

எட்டு மாதமாக நான் துடைத்துத் துடைத்து வைத்தது எதை, முருகேசா? அவள் அழுது முடித்த பிறகு, “நீ கூப்பிட்டா வராம இருப்பானா உன் அப்பன்?” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கத்தியோடு போனேன். உன் நண்பன் நாகராஜ் ஓடிவந்தான்.

“பெரியப்பா, அண்ணன் மூஞ்சிய எடுத்துட்டா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா பஸ் ஏறப்போவுது?” என்றேன்.

பவித்ரா பின்னாலேயே வந்திருக்கிறாள். கத்தியை வாங்கி அவளே கயிற்றை அறுத்தாள். நாகராஜ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எங்கே வைப்பது என்று அவளையே கேட்டேன். மாட்டுக் கொட்டகையில், முகம் உள்பக்கம் பார்க்கக் கட்டச் சொன்னாள்.

“வேணும்னா நான் போய்ப் பாத்துக்கறேன். மத்த நேரம் மாட்டைப் பாத்துச் சிரிக்கட்டும்.”

சரசு சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்புறம் சில நாள் பள்ளிக்கூடம் வரை கூடப் போனேன். சில நாள் பஸ் ஸ்டாப் வரை. திங்கட்கிழமை, “நீங்க உங்க பாடத்தைப் படிங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உனக்குத் தெரியுமா, கொட்டகைக்குள் போய் நானே எழுத்துக் கூட்டி உன் பெயரைப் படித்தேன்.

வருஷ நினைவு நாளுக்கு மறுபடி ப்ளெக்ஸ் வைக்கலாமா என்று நாகராஜ் வந்தான். அவளைக் கேள் என்றேன். அவள் யோசித்தாள்.

“வைங்க சித்தப்பா. ஒரு நாள் மட்டும். சாயங்காலம் நானே கழட்டிடுவேன்.”

அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நிற்பேன். இனி அவளைக் கேட்காமல் உன்னை எங்கும் கட்டிவைக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

கைநாட்டு இல்லாமல், கையெழுத்துப் போட்டு,
உன் அப்பன், பவித்ராவின் தாத்தா