பதினான்கு பொட்டலங்கள்

மார்ச் 3, செவ்வாய்

தூக்கம் என்னைவிட்டு எப்போது போனது? யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. படுத்ததும் கண் மூடுகிறது. மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு. நேற்று குடிநீர் அறிக்கையில் 0.4 என்பதை 4 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தடவை. ஆய்வகத் தலைவர் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். “கொஞ்ச நாள் கையெழுத்த வேற யாராவது போடட்டும் மேடம். மாசக் கடைசில பாப்போம்.”

இருபத்திரண்டு வருடக் கையெழுத்து.

மார்ச் 5

நாத்தனார் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். பெப்டைடு பொடி, ஆழ்ந்த தூக்கம் வருமாம். “படிச்ச திமிர மூட்ட கட்டி வச்சிட்டுக் குடிங்க அண்ணி. அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவீங்க.” டப்பாவில் ஆதாரம் என்று இருப்பது ஒரு நிலாப் படம். டாக்டரிடம் காட்டினேன். “உங்களுக்கு ஆகாதது எதுவும் இல்ல. பலன் இருக்கும்னும் சொல்ல முடியாது.”

மார்ச் 8, ஞாயிறு

நம்பிக் குடிக்க மனம் வரவில்லை. சோதித்துவிடலாம். ஏழு பொட்டலத்தில் பெப்டைடு, ஏழில் பால் பவுடர். இவர்தான் மடித்து எண் போட்டார். எதில் எது என்ற சீட்டு அவரிடம்.

“வீட்ட லேப் ஆக்கிட்ட. நான் எலியா, டாக்டரா?”

“நீங்க கிளார்க். எலி நான்.”

சோதனை முடியும்வரை வேறெதுவும் மாறக் கூடாது: பத்து மணிக்குப் படுக்கை, போன் ஹாலில், மாலைக் காப்பி இல்லை, குறட்டை பக்கத்து அறையில்.

“குறட்டைன்னா நான்தானே?”

ஆமாம்.

மார்ச் 12

ஐந்து வரை தூங்கினேன். நேற்றைய நான்காம் பொட்டலம் — நிச்சயம் பெப்டைடுதான்.

மார்ச் 16

ஆறு மணி! நாத்தனார் ஜெயித்துவிட்டாளோ? தோற்பதில் இவ்வளவு சுகமா?

மார்ச் 22, ஞாயிறு

சீட்டைப் பிரித்தோம். பெப்டைடு இரவுகளில் சராசரி ஆறேகால் மணி நேரத் தூக்கம்; பால் பவுடரில் ஐந்து நிமிடம் கூடுதல். நான் அடித்துச் சொன்ன நான்காம் பொட்டலம் — பால் பவுடர்.

ஒரே ஆளை வைத்துச் செய்தது. ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினான்கு இரவும் தூங்கியிருக்கிறேன். எதுவும் மாறக் கூடாது என்று நான் போட்ட விதிகள்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கின்றன. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? அசடு.

“அப்ப நான் நிரந்தரமா பக்கத்து ரூமா?” என்றார் இவர்.

“வேலை நாள்ல மட்டும்.”

மார்ச் 23, திங்கள்

இரண்டு வாரமாக என் அறிக்கைகளை மறுபடி பார்த்துவந்த சக ஊழியருக்கு ஒரு பிழைகூடச் சிக்கவில்லையாம். கையெழுத்துக்குக் கீழே குத்தும் என் முத்திரையைத் தலைவர் என் மேசையில் வைத்தார். “இது உங்க எடத்துலயே இருக்கட்டும் மேடம்.” மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரின் போன். “தூக்கம் வருதா அண்ணி?”

“வருது.”

“நான்தான் சொன்னேன்ல!”

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்துவிட்டது.