காவிக் கட்டத்தில் வெயில் இல்லை

25.1.95, புதன், மாலை 5.20

அம்மா,

தவறு என்னுடையது. பிருந்தா அக்கா வெயிலில் உட்கார மொட்டைமாடியில் காவியால் கட்டம் போட்டது நான்தான். அப்போது புரட்டாசி. தை மாதம் சூரியன் தெற்கே தள்ளிப்போகும் என்று யோசிக்கவில்லை. இன்று பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்தேன். ஒன்பது மணிக்கு மாடியில் பார்த்தால், கட்டம் முழுக்கத் தண்ணீர்த்தொட்டியின் நிழல். அந்த நிழலுக்குள் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்புக்குப் பலம் வரக் காலை வெயிலில் கால்மணி நேரம் போதும் என்றார் டாக்டர். வலி குறையவில்லை என்றதும், அவள் வெயிலில் உட்காராமல் ஏமாற்றுகிறாள் என்று நான் வேறு திட்டினேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீ மோர்மிளகாய் காயவைக்கும் சுளகு போன வாரம் அந்தக் கட்டத்தில் இருந்தது. இன்று நாலடி தள்ளி வெயிலில் இருக்கிறது. மிளகாயை நகர்த்திய உனக்கு அக்காவை நகர்த்தத் தோன்றவில்லையா? வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "கறுத்துட்டா அம்பாசமுத்திரத்துக்காரங்க வேண்டாம்னு போயிருவாங்கல்லா" என்று நீ சித்தியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் தப்பாக நினைத்திருந்தால் வந்ததும் திட்டு.

டைப் கிளாஸுக்குக் கிளம்புகிறேன். சொதியைச் சுடவைத்துக்கொள். அக்கா தூங்குகிறாள், எழுப்பாதே.

கோமு

பி.கு. அவளிடம் கேட்டேன். "அம்ம இங்கனதான் உக்காரச் சொல்லுதா" என்றாள்.

மாடிச் சாவி என் பையில் இருக்கிறது, தேடாதே. நாளை குடியரசு தினம், எனக்கு லீவு. ஒன்பது மணிக்கு அக்காவின் நாற்காலியை மிளகாய்ச் சுளகுக்குப் பக்கத்தில் போட வேண்டும்.