புளியில் ஊறிய நத்தைக்கல்

என் அன்பிலும் என் வயிற்றெரிச்சலிலும் சரிபாதி உரிமையுள்ள ராஜேஸ்வரி டீச்சருக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. நீங்க அதைத்தானே முதலில் கேட்பீங்க. நம்ம பேத்தி நிலா யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள், ஸ்காலர்ஷிப்போடு. அவள் தம்பி கவின் டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே பாஸ். ஃப்ரீமான்டில் என் மகள் வீட்டுச் சின்னவள் நீச்சலில் மெடல் வாங்கினாள், தங்க நிறம். இர்விங்கில் உங்க மகன் வீட்டுப் பேரனுக்கு ஸ்பெல்லிங் போட்டியில் இரண்டாவது பரிசு. இரண்டாவதுதான். குறையாகச் சொல்லவில்லை, சேதியாகச் சொன்னேன்.

உங்க நாலாவது வருஷ திதி வருகிறது. உமா தமிழ்ச் சங்க மலரில் உங்களுக்கு ஒரு பக்கம் வாங்கியிருக்கிறாள். "நீங்க எழுதுங்க அத்தை, நான் டைப் பண்றேன்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கடிதம் எழுதுகிறேன். சிவப்பு மையில் திருத்துவதற்கு நீங்க இல்லை என்ற தைரியம்தான்.

படிக்கிறவர்களுக்கு நம்ம கதை தெரியாது. உங்க மகள் உமாவை என் மகன் செந்திலுக்குக் கொடுத்தீங்க. நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் ஒரே வீடு, இரண்டு பாட்டிகள். ஆறு மாசம் நீங்க, ஆறு மாசம் நான். விசா அப்படி. நான் வந்து இறங்கியதும் நீங்க வைத்துவிட்டுப் போன மிளகாய்த்தூள் டப்பாவை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றுவேன். நீங்க வந்ததும் மறுபடி மேலே போய்விடும். பதினெட்டு வருஷம் அந்த டப்பா ஏறி இறங்கியது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, இல்லையா?

நிலாவுக்கு நீங்க திருச்சிப் பாட்டி, நான் அரியலூர்ப் பாட்டி. நான் சுட்ட முறுக்கை வாயில் போட்டுக்கொண்டே, "திருச்சிப் பாட்டி டோல்ட் மீ" என்றுதான் எதையும் ஆரம்பிப்பாள். முறுக்கு என்னுடையது, பேச்சு உங்களுடையது. அந்த எரிச்சல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் இருக்கும்.

எல்லாம் அந்தக் கல்லால் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்றைக்கு சாமி அலமாரியில் இருந்த நத்தைக்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீங்க. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய வருஷம், ஆடு ஓட்டிக்கொண்டு போனபோது ஓடையில் நான் எடுத்தது அது. உள்ளங்கை அகலம், வரிவரியாகச் சுருண்டு, வெயிலில் பிடித்தால் கிளிஞ்சல் மாதிரி மின்னும். "இது கல்லாய்ப் போன கடல் பிராணிங்க" என்றீங்க. "அரியலூருக்கு ஏதுங்க கடல்?" என்று நான் சிரித்தேன். ஆனாலும் ஒரு டீச்சர் ஆசைப்பட்டுவிட்டார்களே என்ற பெருமையில், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து உங்க கையில் கொடுத்துவிட்டேன். தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியுமா? அதற்கப்புறம் நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

நீங்க அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, நிலா கையில் கொடுத்துக் கதை சொன்னீங்க. விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் நம்ம பக்கத்து ஓடைகளில் கல் பொறுக்கி, பெட்டி பெட்டியாகக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பியது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் சின்னக் காகிதம் ஒட்டி ஊர்ப் பெயர் எழுதியது. இங்கிலாந்துக் கடற்கரையில் ஒரு தச்சர் மகள் பாறையிலிருந்து பெரிய பெரிய எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுக்க, பணக்கார ஆண்கள் அவற்றை வாங்கித் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டது. அவர்களுடைய சங்கத்தில் பெண்ணைச் சேர்க்கவே மாட்டார்களாம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் நிலா இன்றைக்கு அந்தச் சரித்திரத்தையே ஆராய்ச்சி பண்ணுகிறாள்.

ஒரு தடவை ஃபோனில் நான் சண்டைக்கு வந்தேனே, ஞாபகமிருக்கா? அந்தக் காலத்து ஆட்கள் நம்ம பக்கத்துப் பாறைக்கு மூன்று அடுக்காகப் பெயர் வைத்தார்கள், அதில் திருச்சிக்கு மேலே அரியலூர் என்று நிலா சொன்னாள். "பார்த்தீங்களா டீச்சர், அரியலூர்தான் மேலே!" என்றேன். நீங்க நிதானமாக, "ஆமாங்க. பாறையில் மேலே இருக்கிறது சின்னது, கீழே இருக்கிறதுதான் மூத்தது" என்றீங்க. ஃபோனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை.

இந்த நியூ ஜெர்சியிலேயே அந்தக் காலத்தில் இரண்டு புரொஃபஸர்கள் எலும்புக்காக அடித்துக்கொண்டார்களாம். முதலில் சிநேகிதர்கள். ஒருவர் எலும்பு கிடைக்கும் குழியைக் காட்ட, மற்றவர் குழிக்காரனுக்குக் காசு கொடுத்துத் தன் பக்கம் இழுத்துவிட்டார். பிறகு ஆயுசு முழுக்கப் பொறாமை. அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாதென்று எலும்பை உடைத்துப் போட்டதாகக்கூடப் பேச்சு. நிலா இதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டு, "நீங்களும் திருச்சிப் பாட்டியும் மாதிரி" என்றாள். செந்திலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

போன மாசம் நிலா தன் காலேஜ் லைப்ரரியில் ஒரு எக்ஸிபிஷன் வைத்தாள். கல் பொறுக்கியும் பெயர் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி. நடுவில் கண்ணாடிப் பெட்டியில் நம்ம நத்தைக்கல். கல் அங்கே போகும் முன்னாடியே விவர அட்டை அடித்து வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதன் படத்தைப் போட்டாள். கவினை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். "திருச்சிப் பாட்டியோட கல், அவங்க நினைவா" என்றான். அவ்வளவுதான். கீழே ஏதாவது இருக்கா என்று கேட்டேன். இல்லை என்றான்.

கல்லை எடுத்துப் போகிற அன்று காலையில் வீட்டில் யாருமில்லை. உங்க படத்துக்குப் பக்கத்தில் கல் இருந்தது, நாலு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பி. கண்ணாடிப் பெட்டிக்குப் போகிற கல் பளிச்சென்று இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உங்க படத்துப் பூச்சை எடுத்துவிட்டு என் கைப் பளபளப்போடு அனுப்பணும், அதுதான் மனசில். விளக்குத் தேய்க்கிற மாதிரி புளியில் ஊறவைத்தேன். போதாதென்று எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்தேன். கல் நுரைத்தது, டீச்சர். உயிர் உள்ளது மாதிரி பொடிப் பொடியாக நுரைத்தது. பயந்து அலசிப் பார்த்தால், மின்னிய இடமெல்லாம் சாம்பல் பூத்து, வரி மழுங்கிப் போயிருந்தது.

புளித் தண்ணியில் ஒரு துண்டுக் காகிதம் மிதந்தது. கல்லின் அடியில், சந்தனத்துக்குள்ளே ஒட்டியிருந்திருக்கிறது. கையில் எடுத்தேன். மை ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தானே படிப்பேன். படிக்கப் படிக்க எழுத்து கரைந்தது. 'எடுத்தவர்: அஞ்சலை, அரியலூர் ஓடை.'

என் பெயர். உங்க கையெழுத்தில். விரலில் கூழாகி, சிங்க் துளையில் போய்விட்டது.

எப்போது ஒட்டினீங்க? ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சொல்ல வேண்டியதில்லை, திருப்பிப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தீங்களா? கொடுத்ததைத் தொட மாட்டேன் என்ற வீம்பில் நான் ஒரு தடவைகூடத் திருப்பவில்லையே.

சாயங்காலம் நிலா கல்லைப் பார்த்து, "ஓ மை காட், பாட்டி! என்ன பண்ணீங்க?" என்று கத்தினாள். புளி என்றேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கல்லுக்குப் புளிப்பே ஆகாதாம். நுரைக்கிறதா என்று ஒரு சொட்டுத் திராவகம் விட்டுத்தான் பாறைக்காரர்கள் சுண்ணாம்புக்கல்லைக் கண்டுபிடிப்பார்களாம். நான் ஒரு சொட்டு விடவில்லை, குளிப்பாட்டிவிட்டேன்.

"பித்தளைன்னு நினைச்சீங்களா?"

"இல்லடி. பொறாமையில் தேய்ச்சேன். அது நான் எடுத்த கல்லு."

அவள் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். ஓடை, ஆடு, தாம்பூலத் தட்டு, காகிதம், எல்லாம் சொன்னேன். "எவிடென்ஸ் வேணும் பாட்டி, அந்தப் பேப்பர் எங்கே?" என்றாள். சிங்க்கைக் காட்டினேன். அப்போதுதான் உமா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அம்மா கையெழுத்தா அத்தை? 'அ' எப்படி இருந்துது?"

"முதல் சுழி பெரிசா, வால் நீட்டி, கீழ் வரியில இடிக்கிற மாதிரி."

உமா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலாவைப் பார்த்து, "அத்தை சொல்றது நிஜம். அம்மா மட்டும்தான் அப்படி எழுதுவாங்க" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் அம்மா எழுதிய ஒரு காகிதத்தை அவள் பார்க்கும் முன்னாலேயே நான் கரைத்திருக்கிறேன். அவள் திட்டியிருக்கலாம்.

நிலா ஃபோனில் இருந்த அட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "பெயர் விட்டுப் போனவங்களைப் பத்தி எக்ஸிபிஷன் வச்சு, நானே ஒரு பெயரை விட்டுட்டேன்" என்றாள். புது அட்டை எழுதினாள், தமிழிலும் இங்கிலீஷிலும். எடுத்தவர் அஞ்சலை, ஆடு மேய்த்தபோது. அவர் பெயரை எழுதி வைத்தவர் ராஜேஸ்வரி. சேதம்: புளி, எலுமிச்சை. சேதத்தையும் எழுதத்தான் வேண்டுமாம். எழுதட்டும்.

பெட்டி முன்னால் நின்று என் பெயரை நானே வாசித்தேன். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. அதைவிட எரிச்சலாகவும் இருந்தது. கல்லை யார் வேண்டுமானாலும் குனிந்து எடுக்கலாம். இன்னொருத்தி பெயரை எழுதி, யாருக்கும் சொல்லாமல் இருக்க உங்களால் முடிந்தது, என்னால் முடிந்திருக்காது. இதிலும் நீங்கதான் முந்திக்கொண்டீங்க. இனி உங்களைப் பார்த்து நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டீங்களே?

சத்தியமாகச் சொல்கிறேன். இனி அந்தக் கல்லில் பூவைத் தவிர வேறெதுவும் வைக்க மாட்டேன். யார் கேட்டாலும் உங்க பெயரை முதலில் சொல்வேன். இல்லை, எடுத்தது நான்தானே. சரி, இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்வேன். மிளகாய்த்தூள் டப்பா மேல் தட்டிலேயே இருக்கிறது. எனக்கு எட்டவில்லை, ஸ்டூல் போட்டு எடுக்கிறேன்.

உமா, இதை டைப் பண்ணும்போது உனக்கும் ஒரு வேலை. குரூப்பில் இன்னும் பழைய அட்டைதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போ. பெட்டி பக்கத்தில் நான் நிற்கிறேன், உங்க அம்மா படத்தைக் கையில் பிடித்துக்கொள்கிறேன். புதுசாக ஒரு படம் எடுத்துப் போடு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி அஞ்சலை,
நிலாவுக்கு மிச்சமிருக்கிற பாட்டி.