புதுப் பிரிண்டர் அனுப்பாதே பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பெரியப்பா மூன்று பேரும் இருக்கிற அளவுக்குச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்காவது ஆளாக வீட்டுக்கு வந்து சேர்ந்த பிரிண்டருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று உனக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைக்காமல் இந்தக் காலத்தில் தபாலா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், நீ பேசுவது பெரியப்பாவின் கட்டிலுக்கும் கேட்க வேண்டும், அடுப்படிக்கும் கேட்க வேண்டும், அதில் உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு வழியே இல்லை. மெசேஜ் எழுதலாம் என்றால் சின்ன எழுத்து தெரியவில்லை என்று என் போனை உன் அம்மாவிடம் கொடுத்துத்தான் நானே படிக்கச் சொல்கிறேன். அதனால் வேலை பார்க்கிற கோடவுனில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பிரேக் ஷூ பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, பத்தாம் வகுப்பில் என் வாத்தியாரே பயந்திருக்கிறார்.

நீ சொன்னதில் தப்பே இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போய் நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து, யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒரு தடவை அம்மா வாசலுக்குப் போன நேரத்தில் தானாக எழுந்து உட்காரப் பார்த்து, கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார், அதிலிருந்து அவரைத் தனியாக விடுவதில்லை. பகல் முழுக்க அம்மா. ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை, டயர் கடை, மூன்று கடைக் கணக்கையும் அவர் பக்கத்திலேயே இருந்து எழுதுவாள். நான் வேலை விட்டு வந்ததும் பில் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஸ்கேன் செய்து ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு வருவாள். சில நாள் ஒரு மணி நேரம், கும்பலாக இருந்தால் இன்னும் கூட. அம்மா எதுக்குப்பா தினமும் அந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையணும், ஸ்கேனும் பண்ற ஆல் இன் ஒன் பிரிண்டர் ஒண்ணு வாங்கி வீட்டுல போட்டா முடிஞ்சுது என்று நீ சொன்னபோது, இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

மெஷின் வாங்கின கதை உனக்குத் தெரியாது, கேட்டுக்கொள். எனக்கு வேலை தேடினபோதுகூட நான் இவ்வளவு அலைந்ததில்லை. முதல் கடைக்காரர், லேசர்தான் சார் எடுக்கணும், எழுத்து கல்லுல வெட்டின மாதிரி இருக்கும், மாசக்கணக்கா சும்மா கிடந்தாலும் காயாது என்றார். அடுத்த கடைக்காரர், அந்தப் பேச்சே எடுக்காதீங்க, லேசர்ல கலர் வேணும்னா வீட்டை வித்துட்டுத்தான் வரணும், மை ஊத்துற டேங்க் வச்சது எடுங்க, ஊத்திக்கிட்டே இருக்கலாம் அடிச்சுக்கிட்டே இருக்கலாம் என்றார். சாராயக் கடை விளம்பரம் மாதிரி இருக்கே என்றேன், அவர் சிரிக்கவில்லை. ஓரத்தில் ஒரு குட்டி மெஷின் கொள்ளை மலிவாக இருந்தது, அதை நான் தடவிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் காதருகே வந்து, வாங்கிடாதீங்க, மெஷினை மலிவா கொடுத்துட்டு மை கார்ட்ரிட்ஜுல உயிரை எடுத்துடுவாங்க என்று ரகசியம் சொல்லிவிட்டுப் போனாள். ஃபேக்ஸ்கூட உண்டு சார் என்று ஒன்றைக் காட்டினார்கள், எனக்கு ஃபேக்ஸ் அனுப்பக் காத்திருக்கிற ஆள் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள். மேலே தாளை அடுக்கி வைத்தால் அதுவே ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்யும் மெஷினும் பார்த்தேன், நீ இப்போது அனுப்புகிறேன் என்கிறாயே அந்த ரகம். டயர் கடை பில் ஒவ்வொன்றும் கிரீஸ் கையோடு கசங்கி வரும், அதை இழுத்தால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும், கண்ணாடி மேல் வைத்து மூடுகிற மெஷினே போதும் என்று நானே யோசித்து நானே முடிவு செய்து என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். இத்தனை பேரிடம் விசாரித்தவன் ஒருத்தியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் உன் அம்மா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அப்போ இனிமே நான் வெளியவே போக வேண்டியதில்லையா என்று கேட்டாள். ஒரு அடி எடுத்து வைக்க வேண்டாம், மகாராணி மாதிரி உட்கார்ந்த இடத்துல வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சந்தோஷத்தில்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன் பாப்பா.

பிளக் பாயின்ட் சரியாக இருப்பது முன் அறையில் மட்டும்தான், அதனால் மெஷினைப் பெரியப்பா கட்டிலின் தலைமாட்டில் வைத்தோம். ஆன் செய்ததும் அது ஒரு முனகல் முனகும், என்னைவிட இதுக்கு முதுகுவலி ஜாஸ்தி போலிருக்கே என்பார் பெரியப்பா. கொஞ்ச நாளில் செய்தி பரவிவிட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் நேராக வீட்டுக்கே வந்து, வீட்டுல மெஷின் இருக்காமே அக்கா, அந்தப் பழைய பில் கட்டையும் சேர்த்துப் போட்டுடுங்க என்று இறக்கிவிட்டுப் போனார். மாடி வீட்டுக்காரி ஒரே ஒரு காப்பி என்று வருவாள், அந்த ஒரே ஒரு காப்பி தினமும் வரும். நான் வந்த பிறகும் உன் அம்மா அதே நாற்காலியில்தான். ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்தது, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி கேட்பாள். முனையில பள்ளம் தோண்டினாங்களே, மூடிட்டாங்களா. பேக்கரியில போர்டு மாத்துறோம்னாங்களே, என்ன கலர்ல மாத்தியிருக்காங்க. ஜெராக்ஸ் அக்கா கடை திறந்திருந்ததா, யாராவது இருந்தாங்களா. நான் தலையைக் குனிந்து நடக்கிற ஆள், பார்க்கலையே என்பேன். ஒரு நாள், கண்ணைக் கோடவுன்லயே வச்சுப் பூட்டிட்டு வர்றீங்களா என்று ஒரு கத்து கத்தினாள் பார், மெஷினே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. சரி, வேலை ஜாஸ்தி, அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மெஷினுக்கு நோய் வந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டும், தாள் எடுக்காது, ஸ்கேனும் ஆகாது. என்னவோ ஆயிடுச்சுங்க, நான் கடைக்கே போயிட்டு வந்துடறேன் என்று உன் அம்மா ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் ஒரு ஆம்பிளை இருந்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு ரோஷம் வந்து, மறுநாளே மெஷினைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மை டேங்க் இருக்கிற மெஷினைச் சாய்க்கக் கூடாதாம், அதை யார் எனக்குச் சொன்னார்கள். போய்ச் சேரும்போது என் சட்டை முதுகில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் இறங்கியிருந்தன, சர்வீஸ்காரர் மெஷினைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தார். ஒன்றும் இல்லை, நன்றாக ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி சிவப்பு விளக்கு, மறுபடி உன் அம்மா கடைக்கு, மறுபடி நான் மெஷினைச் சுமந்துகொண்டு. இந்தத் தடவை அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்பக்க மூடி திறந்திருக்கு சார், அதான் ஓடமாட்டேங்குது, இது தானா திறக்காது, யாராவது கையை விட்டுத் திறந்தாத்தான் உண்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டுலதான் யாருக்கோ இதைப் பிடிக்கலை என்றார். எனக்கு மாடி வீட்டுப் பிள்ளைகள் மேல்தான் சந்தேகம்.

வீட்டுக்கு வந்தேன், என்னைக் கண்டதும் உன் அம்மா ஃபைலோடு கடைக்குக் கிளம்பிவிட்டாள். பெரியப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே, பிள்ளைங்க யாராவது வந்து இதை நோண்டினாங்களா அண்ணே என்று கேட்டேன். அவருக்கு இப்போது பேச்சு வருகிறது, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வரும். டேய், எனக்கு ஒரு கைதான் வரலை, உனக்கு மூளையே வரலை என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், அவதான்டா திறந்து வைக்கிறா, ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், நான் பார்க்கிறேன்னு அவளுக்கும் தெரியும். ஏன் அண்ணே என்னிடம் சொல்லவில்லை என்றேன். என்னாலதான் இந்தக் கட்டிலை விட்டு நகர முடியலை, அவளை ஏன்டா கொண்டுவந்து கட்டிலோட கட்டிப் போடறே என்றார். தலையணையைச் சரி செய்வது போல வெகு நேரம் சரி செய்துகொண்டிருந்தேன்.

நான் அன்றைக்கு மெஷினை மேஜையில் வைத்து, பின்பக்க மூடியை நானே திறந்து வைத்தேன். உன் அம்மாவிடம், சர்வீஸ்காரரே கையை விரிச்சுட்டார், இது தேறாத கேஸ் என்றேன். அப்படியா, போனாப் போகுது விடுங்க என்று வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள், நடிப்பில் என்னைவிட மோசம். அவள் வாயைத் திறந்து எனக்கு வெளியே போகணும் என்று சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய், நானும் யோசித்தேன். சொன்னால் நாம் சும்மா விடுவோமா. எங்கே, எதுக்கு, எப்ப வருவே, அதுவரைக்கும் இவரை யார் பார்க்கிறது என்று ஆளுக்கு ஒன்று கேட்போம். கையில் ஃபைல் இருந்தால் யாரும் கேட்பதில்லை. நம்மிடம் ஒன்றும் கேட்காமல் வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே அனுமதிச் சீட்டு அந்த ஸ்கேன்தான், அதை நீயும் நானும் சேர்ந்து அன்பாகப் பிடுங்கிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை லீவு. நான் அண்ணனைப் பார்த்துக்கறேன், நீ சும்மா வெளிய போயிட்டு வா என்றேன். எங்கே என்றாள். சும்மா என்றேன். சும்மா எங்கங்க போறது என்று கேட்டுவிட்டு வாசல் வரைக்கும் போனாள், தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், உங்க அண்ணனுக்குக் கஞ்சி வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது பாப்பா. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான்.

அவள் கடைக்குப் போகும் நேரத்தில் அண்ணனோடு இருக்கிறேனே, அதை இதுவரை நான் உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதுதான் கவனிக்கிறேன். இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு, ரேடியோவைக் கூட்டு, குறை, ஜன்னலைச் சாத்து, ஏன் சாத்தினே திற. பாவம், அவர் மேல் தப்பில்லை, கூப்பிட்டுப் பார்ப்பது ஒன்றுதான் அவரால் முடிகிற வேலை. பேப்பரில் ஒரே செய்தியை நாலு தடவை ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. உன் அம்மா திரும்பி வந்ததும் தெருவில் என்ன விசேஷம் என்று நானே கேட்டுவிட்டேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு இது நாள் முழுக்க. அதனால் சூப்பர்வைசரிடம் காலை ஷிப்டு கேட்டு வாங்கிவிட்டேன், என்ன பெரியவரே, வீட்டுல ரெண்டாவது வேலையா என்று நக்கல் அடித்தார், ஆமாம் சார் என்றேன். இனி மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன், அவள் வெயில் இருக்கும்போதே கிளம்பலாம். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். சரியாகவில்லை. பெரியப்பா கட்டிலில்தான் இருக்கிறார், மூன்று பேரும் அந்த ஒரு அறையைச் சுற்றித்தான் இருக்கிறோம்.

ஆகவே அந்தப் புது மெஷினை அனுப்பாதே. அம்மா கேட்டால் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார், வாங்க விடமாட்டேங்கிறார் என்று பழியை என் மேல் போடு, என் தோள் ஏற்கெனவே மூன்று கலர் தாங்கிய தோள். நீ உனக்கு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாய், தாராளமாக வாங்கு, டேங்க் வைத்ததாக இருந்தால் வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அடித்துவிடு, இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், சாய்த்து மட்டும் தூக்காதே. நீயும் ஒரே அறையில் வேலை, அதே அறையில் சாப்பாடு என்று இருக்கிறாய், ஜெராக்ஸ் எடுக்கவாவது வாரத்தில் ஒரு நாள் வெளியே கடைக்குப் போ. ராத்திரி கண் விழிக்காதே, தண்ணீர் நிறையக் குடி.

ஸ்பீக்கரில் பேசும்போது மெஷின் எப்படி இருக்கு என்று நீ கேட்க வேண்டும், ரிப்பேர்தான் என்று அம்மா சொல்வாள், நீ நம்ப வேண்டும். இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம், மறந்துவிடாதே. மூன்று மணிக்கு மேல் அவள் போனுக்கு நேராகக் கூப்பிடு, அப்போது தெருவில் தனியாக நடந்துகொண்டிருப்பாள், கேட்க யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். உனக்கு எங்கேம்மா போகணும்னு இருக்கு என்று கேள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, சும்மா போ என்றுதான் சொல்லத் தெரிந்தது, நீ கேட்டால் பதில் வரலாம். உடனே வராவிட்டாலும் போனை வைத்துவிடாதே, அவள் பேசாமல் நடந்துகொண்டிருந்தால் நீயும் பேசாமல் கூடவே இரு.

நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும் என்று பெரியப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம், அம்மாவின் வாழ்த்தைக் கேட்டு எழுத முடியாத நிலைமை, இருந்தாலும் அது எப்போதும் உண்டு. பதில் எழுதினால் கோடவுன் விலாசத்துக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
(மெஷின் இலாகா)