சுருதியை இறக்கிப் பாடினேன்

அண்ணே,

செக்காலையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் நேற்று என் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் நம் மெல்லிசைக் குழு மேடையில் நீங்களும் நானும் பாடிய ஜோடிப் பாட்டுகள். யாரிடமோ இருந்த பழைய கேசட்டிலிருந்து எடுத்திருக்கிறார். ஸ்பீக்கரில் ஓடவிட்டதும் நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. நான்தான் வேறு யாரோ மாதிரி இருந்தேன்.

“சாயங்காலம் இதையே போட்டுருவோம்க்கா. நீங்க வாயை மட்டும் அசைங்க. அறுவத்திரண்டு வயசுல எதுக்குத் தொண்டையக் கஷ்டப்படுத்துறீக?” என்றார்.

எனக்குச் சாக்கோட்டைத் திருவிழா நினைவுக்கு வந்தது. நீங்கள் பல்செட் கட்டிய புதிது. ஒவ்வொரு ‘ச’வுக்கும் மைக்கில் விசில் அடித்தது. கூட்டம் சிரித்தது. நான் கூசிப்போய், “நிறுத்திருவோமாண்ணே?” என்றேன். நீங்கள் எல்லார் முன்னாலும் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். “பல்லா பாடுது தங்கச்சி? நான்ல பாடுறேன்” என்று விட்ட அடியிலிருந்து தொடங்கினீர்கள். சொற்கள் குழைந்தன. இளவட்டக் காதல் பாட்டு அது. அன்றைக்கு, வயதான ஒருவர் மனைவியிடம் பேசுவது போல ஆகிவிட்டது. சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். “பாடுனா நான் பாடுறேன். இல்லைன்னா இப்பவே வீட்டுக்குப் போறேன்” என்றேன். அரைமனதாய்ச் சம்மதித்தார். கீபோர்டு வாசிப்பவரிடம் சுருதியை நன்றாக இறக்கச் சொன்னேன்.

பல்லவியிலேயே குரல் கரகரத்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து பந்திக்குப் போனார்கள். போகட்டும். மாதவிடாய் நின்றதும் இறங்கிய குரல் இது. திறந்தவெளி மேடைகளில் பனியிலும் புகையிலும் பாடிப் பாடித் தடித்தது. உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன அன்று வாய்விட்டு அழுது நாலு நாள் கட்டிக் கிடந்தது. இதை ஒளித்துவைத்துவிட்டு அந்த முப்பத்திரண்டு வயதுக்காரியை எதற்கு மேடையேற்ற வேண்டும்?

உங்கள் அடிகளையும் நானே பாடினேன், அண்ணே. இறங்கின குரலுக்கு அவை அப்படியே பொருந்தின.

கல்யாண வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அடுத்து வர்ற அரியக்குடி விசேஷத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்க்கா” என்றார். “பாத்துக்கங்க” என்றேன்.

பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்குவதை நீங்கள் ஒருநாளும் மைக்குக்கு மறைத்ததில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இனி எத்தனை மேடை கிடைக்கும் என்று தெரியாது. கிடைக்கிற மேடையில் என் மூச்சு கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.